காலை உணவுக்குச் சாக்லேட் சாஸ்: வீட்டிலேயே பதமாகச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கொதிக்கிற பாலில் இரண்டு கரண்டி கோகோவைக் கொட்டிக் கலக்கினால் சாக்லேட் சாஸ் வந்துவிடும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். வரவில்லை. பொடி பாலின் மேல் மிதந்தது. கலக்கக் கலக்கச் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருண்டுகொண்டது. ஓர் உருண்டையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஈரமே படாத காய்ந்த பொடி. அன்றைக்கு பேன்கேக்கை வெறும் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் பல தடவை செய்து, கெடுத்து, திருத்தியதில் ஒன்று புரிந்தது. சாக்லேட் சாஸில் தப்பு நடப்பது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான். ஒன்று, கோகோவை முதன்முதலில் நனைக்கிற நேரம். இன்னொன்று, அடுப்பை அணைக்கிற நேரம். நடுவில் இருப்பதெல்லாம் பக்கத்தில் நின்று கலக்குகிற வேலை. அதனால் இந்த இரண்டு இடங்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன். மற்றதைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம்.

கோகோ பவுடரா, சாக்லேட் கட்டியா?

ஐஸ்கிரீம் மேல் ஊற்றுகிற சாஸ் வேறு, காலையில் பேன்கேக் மேல் ஊற்றுகிற சாஸ் வேறு. ஐஸ்கிரீம் மேல் விழுந்ததும் சாஸ் லேசாக இறுகினால் அது ஒரு சுகம். பேன்கேக்கில் அப்படி இறுகினால் மெழுகு பூசியது போல இருக்கும். காலை உணவுக்கான சாஸ் சூடாக இருக்கும்போதும் ஓட வேண்டும், தட்டு ஆறிய பிறகும் ஓட வேண்டும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தாலும் கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும்.

இதற்குத் தடையாக நிற்பது சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குக் கீழே போனால் மெல்ல இறுக ஆரம்பிக்கும். உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகுவதால்தான் சாக்லேட் வாயில் போட்டதும் கரைகிறது. கையில் பிடித்திருக்கும்வரை கட்டியாக நிற்பதற்கும் அதே குணம்தான் காரணம். கட்டியை உருக்கிச் செய்த சாஸும் அந்தக் குணத்தை விடாது.

கோகோ பவுடர் என்பது அந்தக் கொழுப்பில் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கின் பொடி. சாதாரண கோகோவில் 10 முதல் 12 சதவீதம் கொழுப்பு இருக்கும். கொழுப்பு கூடிய வகைகளில் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். கோகோ விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்கு 1828-ல் காப்புரிமை வாங்கியது நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பம். காரப்பொருள் (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்பை முறிக்கும் ஆல்கலி) சேர்த்துக் கோகோவின் புளிப்பைக் குறைக்கும் முறையும் அதே குடும்பத்திலிருந்து வந்ததுதான். கடையில் 'டச்சு முறை' என்று எழுதியிருக்கும் டப்பாவுக்குப் பெயர் வந்த கதை அது.

ஆகவே காலை உணவுக்கு என் ஓட்டு கோகோ பவுடருக்கே. சாக்லேட் கட்டியில் செய்யும் முறையையும் பின்னால் சொல்கிறேன். அது விசேஷ நாளுக்கு.

எந்தக் கோகோ வாங்குவது? கேக் செய்வதாக இருந்தால் இது பெரிய கேள்வி. கோகோவின் புளிப்பை நம்பி பேக்கிங் சோடா போடும் செய்முறைகளில் வகை மாறினால் கேக் எழும்பாமல் போகலாம். சாஸில் எதுவும் எழும்ப வேண்டியதில்லை. அதனால் எந்த வகையும் ஓடும். சாதாரண கோகோ செம்பழுப்பாக, லேசான புளிப்போடு, பழ வாசனையோடு இருக்கும். டச்சு முறைக் கோகோ கறுத்த நிறம், உருண்ட சுவை, கசப்பும் மட்டு. குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் டச்சு முறைக் கோகோ சீக்கிரம் காலியாகும்.

ஒன்றை மட்டும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பாலில் கலந்து குடிக்கிற 'டிரிங்கிங் சாக்லேட்' பொடியும் கோகோ பவுடரும் ஒன்றல்ல. அந்தப் பொடியில் பெரும்பகுதி சர்க்கரை. பின்பக்கத்தில் சேர்பொருள் பட்டியலில் கோகோ மட்டும் இருக்க வேண்டும். டச்சு முறையாக இருந்தால் கூடவே ஒரு காரப்பொருளின் பெயர் இருக்கும். சர்க்கரை என்ற சொல் முதலில் வந்தால் அது நமக்கு ஆகாது.

அளவுகள்

கீழே உள்ள அளவில் ஒரு கப்புக்குக் கொஞ்சம் மேலே சாஸ் கிடைக்கும். ஐந்தாறு பேர் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். கப் என்பது 240 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி.

கோகோ பவுடர் – ½ கப் (சுமார் 45 கிராம்)
சர்க்கரை – ¾ கப் (150 கிராம்)
தண்ணீர் – ¾ கப் (180 மில்லி)
உப்பு – ஒரு பெரிய சிட்டிகை
வெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
வெனிலா எசன்ஸ் – 1 தேக்கரண்டி
இன்ஸ்டன்ட் காபித் தூள் – ¼ தேக்கரண்டி (விருப்பப்பட்டால்)

கோகோவைக் கப்பில் அளக்கும்போது அழுத்தி நிரப்பாதீர்கள். கரண்டியால் எடுத்துப் போட்டு மேலே வழித்துவிட்டால் போதும். தராசு இருந்தால் இன்னும் நல்லது; கோகோ காற்றடைத்த பொடி, கப் அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

உப்பை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விடாதீர்கள். அது உப்புச் சுவைக்காக இல்லை. கசப்பின் முனையை மழுக்கி, சாக்லேட் சுவையை முன்னால் தள்ளுகிற வேலை அதற்கு. காபித் தூளும் அப்படித்தான். இந்த அளவில் காபி தெரியாது. கோகோ மட்டும் ஒரு படி அழுத்தமாகத் தெரியும்.

சர்க்கரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் 100 கிராம் வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் இனிப்போடு சேர்ந்து சாஸின் உடம்பும் போய்விடும். பாகு போல வழுவழுப்பாக ஓடுவதும், பளபளப்பும், ஃபிரிட்ஜில் நாள் தாங்குவதும் சர்க்கரையால்தான். வீட்டில் இனிப்பைக் குறைக்கிறீர்கள் என்றால் பேன்கேக் மாவில் சர்க்கரை போடாமல் விட்டுவிடுவது புத்திசாலித்தனம். சாஸ் முழு இனிப்போடு இருக்கட்டும். நாக்கில் முதலில் படுவது அதுதானே.

அடுப்பில் ஏற்றும் முன்

அடி கனமான பாத்திரம் ஒன்று வேண்டும். அது பெரிதாகவும் இருக்கட்டும். சாஸ் கால் பாத்திரம்தான் இருக்கும். கொதிக்கும்போது நுரைத்து மேலே வரும். கோகோ நுரை பால் பொங்குவதைவிட வேகமாக எழும். அடுப்பைத் துடைத்தவர்களுக்குத் தெரியும்.

கலக்குவதற்குக் கம்பி விஸ்க். அதோடு பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் வழிக்க வளைந்துகொடுக்கும் சிலிக்கான் கரண்டி ஒன்று. விஸ்க் மூலைக்குள் போகாது, அடிபிடிப்பது அங்கேதான் ஆரம்பிக்கும்.

முதல் படி: உலர்ந்ததை உலர்ந்ததோடு

பாத்திரத்தை இன்னும் அடுப்பில் வைக்காதீர்கள். கோகோ, சர்க்கரை, உப்பு, காபித் தூள் எல்லாவற்றையும் அதில் போட்டு, விஸ்க்கால் ஒரு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். கோகோவில் கண்ணுக்குத் தெரிகிற கட்டிகள் இருந்தால் சலித்துப் போடுங்கள்.

இது ஏன் என்றால், கோகோத் தூளில் மிஞ்சியிருக்கும் கொழுப்பு தண்ணீரை ஒட்டவிடாது. தண்ணீரில் கொட்டியதும் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெளிப்பக்கம் மட்டும் நனைந்து, உள்ளே காய்ந்து கிடக்கும். சர்க்கரைப் படிகங்கள் நடுவில் புகுந்துவிட்டால் கோகோத் தூள்கள் விலகி நிற்கும். சர்க்கரை கரையும்போது அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். சாஸ் கட்டி தட்டாமல் வருவதற்கு இந்த ஒரு நிமிடம்தான் பாதிக் காரணம்.

இரண்டாம் படி: முதலில் விழுது

இப்போது தண்ணீரை ஊற்ற வேண்டும். மொத்தத்தையும் இல்லை. கால் பங்கு மட்டும், அதாவது மூன்று மேசைக்கரண்டி. வெந்நீராக இருந்தால் சிறப்பு. சூடு பட்டதும் கோகோவில் இருக்கும் கொழுப்பு இளகும், வாசனையும் எழும்.

ஊற்றிவிட்டு அழுத்திக் கலக்குங்கள். முதலில் "இந்தத் தண்ணீர் எப்படிப் போதும்?" என்று தோன்றும். பொடி பாதி நனைந்து மணல் மாதிரி நிற்கும். விடாமல் கலக்கினால் அரை நிமிடத்தில் திடீரென்று இளகி, பளபளவென்று கறுத்த விழுதாக மாறும். கெட்டியான விழுதில் விஸ்க் உரசும்போது கட்டிகள் நசுங்கிவிடும். நீர்த்த குழம்பில் அதே கட்டிகள் விஸ்க்குக்குப் பிடிகொடுக்காமல் நழுவி ஓடும். அப்போது எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை.

விழுதில் ஒரு கட்டிகூட இல்லை என்று உறுதியான பிறகுதான் மிச்சத் தண்ணீர். அதையும் இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்துக் கலக்குங்கள்.

நான் முதலில் சொன்ன இரண்டு இடங்களில் முதல் இடத்தைத் தாண்டிவிட்டோம்.

மூன்றாம் படி: அடுப்பு

மிதமான தீ. விஸ்க்கால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். நுரை தள்ள வேகமாக அடிக்க வேண்டாம். காற்று புகுந்தால் நிறம் மங்கிவிடும். மூன்று நான்கு நிமிடத்தில் ஓரத்தில் குமிழிகள் வரும். அதைத் தொடர்ந்து நடுவிலும் கொதி வரும்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். சிம்மில் இரண்டிலிருந்து மூன்று நிமிடம், அவ்வளவுதான். அடியை அவ்வப்போது சிலிக்கான் கரண்டியால் வழித்துவிடுங்கள். இந்த நேரத்தில் சர்க்கரை முழுதாகக் கரைந்திருக்கும். கோகோவில் இயல்பாகவே இருக்கும் மாவுச்சத்து சூட்டில் ஊறி உப்பும். பச்சை வாசனையும் போய்விடும். தனியாகக் கார்ன்ஃப்ளார் எதுவும் போடாமலே சாஸ் கெட்டிப்படுவதற்குக் கோகோவின் மாவுச்சத்தும் நார்ச்சத்தும்தான் காரணம்.

நான்காம் படி: எப்போது அணைப்பது

இதுதான் இரண்டாவது இடம். சாஸ் "இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டுமே" என்று தோன்றும். அப்போதே அணைத்துவிடுங்கள்.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாஸ் எப்போதுமே நீர்த்துத்தான் தெரியும். சூட்டில் சர்க்கரைப் பாகு இளகியிருக்கும், மாவுச்சத்து இன்னும் அடங்கியிருக்காது. ஆற ஆற இவை இரண்டும், அணைத்த பிறகு சேர்க்கும் வெண்ணெயும் சேர்ந்து இறுகும். ஊறிய கோகோ மறுநாள் காலைக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடுப்பிலேயே தேன் பதத்துக்கு வந்த சாஸ், ஆறிய பிறகு அல்வாவுக்குத் தம்பி மாதிரி நிற்கும்.

எப்படிப் பார்ப்பது? ஒரு கரண்டியைச் சாஸில் முக்கி எடுத்து, பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள் (சாஸ் சுடும், ஓரிரு விநாடி பொறுத்து இழுங்கள்). கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஒரு நிமிடம் வேண்டும். கோடு அப்படியே நின்று, ஓரங்கள் மட்டும் மெல்ல வழிந்தால் சரியான பதம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். அதன் மேல் ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் கழித்துச் சாய்த்தால், ஃபிரிட்ஜில் வைத்த பிறகு சாஸ் எப்படி இருக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஜாம் காய்ச்சுகிறவர்கள் பார்க்கிற அதே சோதனைதான்.

சந்தேகமாக இருந்தால் இளக்கமாகவே அணையுங்கள். நீர்த்ததை மறுபடி அடுப்பில் வைத்து இரண்டு நிமிடத்தில் கெட்டியாக்கலாம்.

ஐந்தாம் படி: வெண்ணெயும் வெனிலாவும்

அணைத்த பிறகு வெண்ணெயைப் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். மங்கலாக இருந்த சாஸ் சட்டென்று கண்ணாடி மாதிரி மினுங்கும். கடைசியாக வெனிலா. கொதிக்கும்போது போட்டால் அதன் வாசனை ஆவியோடு போய்விடும். சமையலறை மணக்கும், சாஸ் மணக்காது.

ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். சாஸைப் பாட்டிலுக்கு மாற்றிய பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைக் கழுவிக் கொட்ட வேண்டாம். அதிலேயே அரை கப் பாலை ஊற்றிச் சூடாக்கிக் கலக்கினால் சமைத்தவருக்கு ஒரு சின்ன டம்ளர் சூடான சாக்லேட்.

பால் சேர்த்த கெட்டிச் சாஸ்

மேலே சொன்னது பாகு மாதிரியான சாஸ். கஸ்டர்டுக்கும் குழம்புக்கும் நடுவில் நிற்கிற, தட்டு நிறைய ஊற்றிச் சாப்பிடுகிற இன்னொரு வகை உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சிய, ஓசார்க் மலைப்பகுதிகளில் இதை 'சாக்லேட் கிரேவி' என்பார்கள். அங்கே 'பிஸ்கட்' என்றால் மொறுமொறு பிஸ்கட் இல்லை, அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்த மெத்தென்ற சின்ன ரொட்டி. அதைப் பிய்த்துப் போட்டு மேலே இந்தக் கிரேவியை ஊற்றுவது அந்தப் பக்கத்துக் காலை உணவு.

கோகோ ¼ கப், சர்க்கரை ½ கப்பிலிருந்து ¾ கப், மைதா 3 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பால் 2 கப், வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, வெனிலா 1 தேக்கரண்டி. முறை அதேதான்: உலர்ந்தவற்றைக் கலந்து, கொஞ்சம் பாலில் விழுதாக்கி, பிறகு மிச்சப் பால். இங்கே பால் சூடாக இருக்கக் கூடாது. காய்ச்சி ஆறிய பாலாகவோ ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாலாகவோ இருக்கட்டும். சூடான பால் பட்டால் மைதா அந்த இடத்திலேயே வெந்து கட்டியாகிவிடும்.

மிதமான தீயில் நகராமல் கலக்க வேண்டும். பாலும் மாவும் சேர்ந்தால் அடிபிடிக்க ஒரு நிமிடக் கவனக்குறைவு போதும். கெட்டிப்பட்டதும் நிறுத்திவிடாமல் சிம்மில் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். மைதாவின் பச்சை வாடை அப்போதுதான் போகும். மைதாவுக்குப் பதில் கார்ன்ஃப்ளார் போடுவதானால் பாதி அளவு போதும். அது மைதாவைப் போல இரண்டு மடங்கு கெட்டிப்படுத்தும், சாஸும் இன்னும் பளபளப்பாக இருக்கும். ஆனால் கெட்டிப்பட்ட பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் முரட்டுத்தனமாகக் கொதிக்கவிட்டுக் கலக்கினால் திரும்பவும் நீர்த்துப்போகும்.

ஆறும்போது மேலே ஆடை படியும். பிடிக்காதவர்கள் சூடாக இருக்கும்போதே ஒரு துண்டு வெண்ணெயை மேலே தடவிவிட்டால் ஆடை கட்டாது.

சாக்லேட் கட்டியில் செய்வதானால்

100 கிராம் டார்க் சாக்லேட் (55 முதல் 60 சதவீதம் கோகோ போதும்), ஃபிரெஷ் கிரீம் ½ கப், பால் ¼ கப், தேன் அல்லது குளுக்கோஸ் சிரப் 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் வையுங்கள். கிரீமையும் பாலையும் ஓரத்தில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி அதன் மேல் ஊற்றுங்கள். உடனே கலக்க வேண்டாம். ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்கத் தொடங்கி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கொழுப்பு பிரியாமல் ஒன்றாகக் கலந்துவிடும். தேனையும் உப்பையும் கடைசியில் சேருங்கள்.

கிரீம் சாக்லேட்டை இளக்கிவைத்திருப்பதால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை அழகாக ஓடும். ஃபிரிட்ஜில் வைத்தால் தடவுகிற பதத்துக்கு வந்துவிடும். அதையே டோஸ்ட்டில் தடவிச் சாப்பிடலாம் என்பது வேறு விஷயம். தேன் சேர்த்தால் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அந்தச் சாஸைக் கொடுக்கக் கூடாது.

எந்த உணவுக்கு எந்தப் பதம்

பேன்கேக் பஞ்சு மாதிரி. இளக்கமான சாஸை ஊற்றினால் குடித்துவிட்டு ஊறிப்போகும். ஆகவே தேன் பதத்தில் இருக்கட்டும், ஊற்றியதும் சாப்பிட்டுவிடுங்கள். வாஃபிளில் குழிகள் இருப்பதால் எந்தப் பதத்தையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் மொறுமொறுப்பு போய்விடக் கூடாதே. அதற்குச் சாஸைத் தனிக் கிண்ணத்தில் வைத்துப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவது நல்லது. மெல்லிய கிரேப்புக்கு உள்ளே தடவ ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த சாஸ், மடித்த பிறகு மேலே கோடு போடச் சூடான சாஸ்.

முட்டையில் தோய்த்துச் சுட்ட பிரெட்டில் ஏற்கெனவே இனிப்பும் கொழுப்பும் இருக்கும். அதற்கு 100 கிராம் சர்க்கரையில் செய்த, கொஞ்சம் கசக்கிற சாஸ்தான் பொருந்தும். ஓட்ஸ் கஞ்சியில் ஒரு மேசைக்கரண்டி சாஸ் ஊற்றி முழுக்கக் கலக்காமல் லேசாகச் சுழற்றிவிடுங்கள். ஒரு வாய் இனிப்பு, ஒரு வாய் வெறும் ஓட்ஸ் என்று மாறி மாறி வரும். தயிரின் மேலேயும் நன்றாக இருக்கும், சந்தேகப்படாதீர்கள். தயிரின் புளிப்புக்குச் சாதாரண கோகோவில் செய்த சாஸ் நல்ல ஜோடி. வாழைப்பழம், ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு மூன்றும் இந்தச் சாஸோடு சண்டை போடாது. ஆரஞ்சுத் தோலைத் துருவிச் சாஸ் ஆறும்போது போட்டுவைத்தால் இன்னொரு சாஸே கிடைத்த மாதிரி.

தப்பிப்போனால்

கட்டி தட்டிவிட்டதா? அடித்துக்கொண்டிருக்காமல் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து வடித்துவிடுங்கள். மிக்ஸியில் அடிப்பதாக இருந்தால் நன்றாக ஆறிய பிறகு. சூடான சாஸை மூடி போட்டு அடித்தால் ஆவி மூடியைத் தூக்கி எறியும்.

ரொம்பக் கெட்டியாகிவிட்டால் வெந்நீர், ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி. பொறுமையில்லாமல் ஊற்றினால் மறுபடி அடுப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

நறநறவென்று இருந்தால் சர்க்கரை கரையவில்லை, இல்லாவிட்டால் கரைந்தது திரும்பப் படிகமாகிவிட்டது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, படிகம் முழுதும் கரையும்வரை சூடாக்குங்கள். அடிக்கடி இப்படி ஆனால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரைக்குப் பதில் தேனோ குளுக்கோஸ் சிரப்போ சேருங்கள். வேறு வகைச் சர்க்கரைகள் நடுவில் இருந்தால் படிகங்கள் எளிதில் சேராது.

அடிபிடித்துவிட்டால் சுரண்டவே கூடாது. மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்குச் சாய்த்துவிட்டு ருசி பாருங்கள். தீய்ந்த வாடை ஏறியிருந்தால் கொட்டிவிடுவதே நல்லது. வெனிலாவை எவ்வளவு ஊற்றினாலும் அந்த வாடை மறையாது.

சாக்லேட் கட்டியை உருக்கும்போது சில சொட்டுத் தண்ணீர் விழுந்து, எல்லாம் ஒன்றாக இறுகிச் சொரசொரப்பான உருண்டையாகிவிட்டதா? அந்தச் சொட்டு நீரில் சர்க்கரைத் துகள்கள் பசைபோல ஒட்டிக்கொண்டதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால் இதற்கு மருந்தும் நீர்தான். சூடான பாலையோ கிரீமையோ ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினால் இளகிவிடும். ஏறக்குறைய 50 கிராம் சாக்லேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது குறைந்தபட்சக் கணக்கு. சாஸ்தானே செய்கிறோம், எப்படியும் அதைவிட அதிகமாகத்தான் ஊற்றப்போகிறோம்.

கிரீம் சாஸில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலை விட்டு வேகமாகக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

எடுத்துவைப்பது, திரும்பச் சூடாக்குவது

காலை அவசரத்தில் புதிதாகச் செய்வதைவிட முதல் நாள் இரவே செய்துவைப்பதுதான் வசதி. கோகோவும் ஊறி, சுவை நன்றாக இறங்கியிருக்கும். வெந்நீரில் கழுவி ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தண்ணீரில் செய்த சாஸ் முழுச் சர்க்கரையோடு இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். சர்க்கரையைக் குறைத்திருந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பால் சேர்த்த சாஸுக்கும் கிரீம் சாஸுக்கும் மூன்று நான்கு நாள்தான். அவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது. ஈரக் கரண்டியோ பேன்கேக் துணுக்கு ஒட்டிய கரண்டியோ பாட்டிலுக்குள் போனால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பூஞ்சை தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுதையும் கொட்டிவிடுங்கள்.

சூடாக்கும்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாட்டிலை நேராகக் கொதிநீரில் வைத்தால் விரிசல் விடும். வேண்டிய அளவை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துக் கலக்கலாம். மைக்ரோவேவ் என்றால் 15 விநாடி, எடுத்துக் கலக்கி, தேவைப்பட்டால் இன்னும் 15 விநாடி. ஒரேயடியாக ஒரு நிமிடம் வைத்தால் நடுவில் மட்டும் கொதித்துத் தெறிக்கும்.

வீட்டில் நாய் இருந்தால் தட்டை நக்கக் கொடுத்துவிடாதீர்கள். கோகோவில் உள்ள தியோபுரோமினை நாயின் உடலால் வேகமாக வெளியேற்ற முடியாது. அதுவும் கோகோ பவுடரில் அது செறிவாக இருக்கும்.

அதிகமாகச் செய்துவிட்டால் தண்ணீரில் செய்த சாஸை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃபிரீசரில் வைக்கலாம். சர்க்கரை நிறைய இருப்பதால் கல் மாதிரி உறையாது, கத்தியால் நெம்பினால் துண்டாக வந்துவிடும். ஒரு பேன்கேக்குக்கு ஒரு துண்டு சரியாக இருக்கும். மைதாவோ கார்ன்ஃப்ளாரோ போட்ட சாஸை மட்டும் உறையவைக்காதீர்கள். உருகும்போது நீர் தனியாகப் பிரிந்து, மிச்சம் பஞ்சு பஞ்சாக நிற்கும்.